சிதறல் வேறு, நெரிசல் வேறு

பிப்ரவரி 6

மருமகளுக்கு,

இங்கே நான் சௌக்கியம். உன் சௌக்கியத்தை உன் புருஷன் தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஒப்பிக்கிறான், அதனால் தனியாக விசாரிக்கவில்லை. போனில் பேசிவிடலாமே என்றான். போனில் நீயும் நானும் பேசினால் என்ன ஆகும் என்பது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், பட்டுப்பூச்சி முட்டை தயாரிக்கிற நம் வித்தகத்தில் வேலை செய்கிற அத்தனை பேருக்கும் தெரியும். காகிதத்தில் சண்டை போட்டால் பாதியில் கை வலிக்கும், நிறுத்திவிடலாம்.

விஷயம் இதுதான். போன வாரம் பட்டு வளர்ச்சித் துறை ஆய்வாளர் வந்தார். நம் வெள்ளை ரகத்துப் பட்டுப்பூச்சிகள் இடுகிற முட்டை வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே போகிறதாம். தாய்ப்பூச்சி ஒன்றுக்குச் சராசரி நானூறு முட்டை இருக்க வேண்டும். நம்முடையவை முந்நூற்றுச் சொச்சத்தில் நிற்கின்றன. ஜூனில் திரும்பி வந்து எண்ணுவார். அப்போதும் நானூறு தேறாவிட்டால் ரகத்தை அங்கீகாரப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, கைவசம் உள்ள விதை முட்டை எல்லாவற்றையும் எரித்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, என் கையால் ஒரு டீயும் குடித்துவிட்டுப் போனார்.

இந்த ரகத்தை நான் கல்யாணமாகி வந்த வருஷம் உண்டாக்கினேன். உன் புருஷனுக்கு மூத்தது அது. எரி என்றால் எப்படி எரிப்பது?

இலையில் குறை இல்லை. அறைச் சூட்டில் குறை இல்லை. நோயும் கிடையாது. முட்டையிட்டு முடித்த ஒவ்வொரு தாய்ப்பூச்சியையும் கல்வத்தில் அரைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுத்தான் அவளுடைய முட்டையை வெளியே அனுப்புகிறோம் என்பது உனக்கே தெரியும்.

நீ கிளம்பும் முன்னால், வாங்க வந்தவர்கள் காதில் விழும்படி, "உங்க பூச்சிக்கு வயித்துக்குள்ள ஏதோ கோளாறு அத்தை, அறுத்துப் பாத்தாத்தான் தெரியும்" என்றாய். "கோளாறு உன் வாயில இருக்கு" என்று நானும் சொன்னேன். அதை இப்போது திரும்ப வாங்கிக்கொள்ளப் போவதில்லை. ஆனால் அறுத்துப் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. உன் ஆராய்ச்சி நிலையத்தில் அதற்குத்தானே உன்னை ஆறு மாதம் வேலைக்கு வைத்திருக்கிறார்கள். இத்துடன் முப்பது பெண் கூட்டுப்புழு அனுப்புகிறேன். வரிசைக்கு ஐந்தாக ஆறு வரிசை. வரிசை கலையாமல் எடு.

உதவி கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. வேலை கொடுக்கிறேன்.

அத்தை

பாத்திரம் கவிழ்க்கிற தட்டில் நீ காய வைத்திருந்த மைக்ராஸ்கோப் கண்ணாடிகளில் இன்னும் இரண்டு நேற்று கிடைத்தன. ஒன்றில் ஏதோ பூச்சியின் கால் ஒட்டியிருந்தது. நாம் சாப்பிடுகிற தட்டுக்குப் பக்கத்தில்.

*

பிப்ரவரி 15

அத்தை,

பெட்டி வந்தது. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், வரிசையைக் கலைத்தது நான் இல்லை, தபால் வண்டி. நான் திறந்தபோதே உங்கள் ஆறு வரிசையும் ஒரே கும்பலாகக் கிடந்தன. போதாததற்கு நாலு பேர் வழியிலேயே பூச்சியாகி வெளியே வந்து, பெட்டிக்குள் சிறகடித்து, உங்கள் கடிதத்தின் மேலேயே (அதுவும் மிகச் சரியாக 'வரிசை கலையாமல் எடு' என்ற இடத்தில்) கழிந்து வைத்திருந்தார்கள். சத்தியமாக நான் சிரிக்கவில்லை. கொஞ்சம் சிரித்தேன்.

கண்ணாடிகளுக்கு மன்னிப்பு. அந்தக் கால் ரொம்ப நல்ல கால், தூக்கிப் போட்டுவிட்டீர்களா?

இப்போது விஷயம். பெண் பூச்சியின் வயிற்றைத் திறந்து உப்புத் தண்ணீரில் விட்டால் முட்டைக் குழாய்கள் தாமாகவே சுருள் பிரிந்து மிதக்கும். நூலில் மணி கோத்த மாதிரி ஒவ்வொன்றிலும் முட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். எனக்கு இதைப் பார்க்க அலுப்பதே இல்லை. இடப் பக்கம் நாலு, வலப் பக்கம் நாலு, ஆக எட்டுக் குழாய். இங்கே நிலையத்தில் வளர்க்கிற பூச்சிகளுக்கு அப்படித்தான் இருக்கிறது, பாடப் புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறது.

உங்கள் பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு ஆறுதான். இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. சிலருக்கு ஒரு பக்கம் நாலும் ஒரு பக்கம் மூன்றும். முப்பது பேரில் எட்டுக் குழாய் முழுசாக இருந்தது இரண்டே பேருக்கு. முதலில் என் கைதான் எதையோ அறுத்துவிட்டது என்று நினைத்தேன். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு ஐந்தாறு பேரை அறுக்கச் சொன்னேன். அவருக்கும் ஆறுதான் வந்தது.

ஆறு குழாயை வைத்துக்கொண்டு எட்டுக் குழாய்க்காரி இடுகிற அளவு முட்டையை எப்படி இட முடியும் அத்தை? உங்கள் பூச்சிகள் சோம்பேறிகள் இல்லை. இருப்பதை எல்லாம் இட்டுவிட்டுத்தான் சாகின்றன.

குறை உள்ளே வந்தது எப்படி என்பதுதான் புரியவில்லை. அதற்கு நீங்கள் ஒரு விவரம் சொல்ல வேண்டும். அடுத்த தலைமுறைக்கு விதையாக எந்தத் தாயின் முட்டையை வைத்துக்கொள்வது என்று எப்படித் தீர்மானிக்கிறீர்கள்? இத்தனை நாள் அந்த வீட்டில் இருந்தும் எனக்கு அது தெரியாது. விதைத் தேர்வு அறைக்குள் போனதும் கதவைச் சாத்திக்கொள்வீர்கள். ஜோடிக்காரியிடம் கேட்டால் (பூச்சிகளுக்கு ஜோடி சேர்த்து வைக்கிறவளுக்கே தெரியாதாம்!) "அது அம்மாவோட கண்ணு" என்று மேலே பார்க்கிறாள்.

ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டே எழுதுகிறேன், அந்த வட்டம் டம்ளர் வைத்த கறை, வேறெதுவும் இல்லை.

மருமகள்

இன்னொன்று: உங்கள் பிள்ளை சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பற்றி என்ன ஒப்பிக்கிறார்?

*

பிப்ரவரி 25

மருமகளுக்கு,

கறை எது என்று கேட்க எனக்குக் கை வரவில்லை, கடிதத்தை ஓரமாகப் பிடித்துக்கொண்டு படித்தேன்.

எட்டில் ஆறு இருக்கிறது என்கிறாய். பாக்கி இரண்டு எங்கே போயிற்று? இத்தனை பேருக்கு ஒன்றுபோல் காணாமல் போகுமா? ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் மேசையைப் பார்த்தவள் நான். அதில் முழு மைக்ராஸ்கோப்பே காணாமல் போய் மூன்றாம் நாள் துணிக்கடியிலிருந்து வந்திருக்கிறது. இரண்டு குழாய் எம்மாத்திரம்?

இருந்தாலும் பக்கத்து மேசைக்காரரும் பார்த்திருக்கிறார் என்பதால் நம்புகிறேன்.

நான் தேர்ந்தெடுக்கிற முறையை யாரிடமும் சொன்னதில்லை. ஒளிக்க அதில் ஒன்றும் இல்லை, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஜோடி பிரித்த தாய்ப்பூச்சிகளை ஒவ்வொன்றாக அட்டையில் வைத்து, மேலே வளையத்தைக் கவிழ்த்து, விளக்கை அணைத்துவிடுவோம் அல்லவா. மறுநாள் வளையங்களை எடுத்தால் அட்டை நிறைய வட்டம் வட்டமாக முட்டை இருக்கும். அங்கேதான் என் வேலை ஆரம்பம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். எந்தத் தாய் முட்டை மேல் முட்டை ஏறாமல், ஒரே அடுக்காக, விளிம்பு பிசகாமல், நாணயம் வைத்து அச்சடித்த மாதிரி இட்டிருக்கிறாளோ, அவள்தான் விதைக்கு. குவித்து வைத்தவள், ஓரத்தில் ஏற்றி வைத்தவள், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போட்டவள், எல்லாரும் ஒதுக்கல். அந்த முட்டைகளை வளர்ப்புக்காரர்களுக்கு விற்றுவிடுவோம். நல்ல முட்டைதான், பொரியும், கூடு கட்டும். ஆனால் விதைக்கு நான் வைக்க மாட்டேன்.

இதற்குக் காரணமும் இருக்கிறது. ஒரே அடுக்காக இருந்தால்தான் மருந்துத் தண்ணீரில் கழுவும்போது எல்லா முட்டையிலும் படும். ஒன்றுபோல் பொரியும். எண்ணவும் சுலபம். மேலும் தாய் ஒழுங்காக இருந்தால்தானே பெண் ஒழுங்காக வரும்.

கடைசி வாக்கியத்தை உன்னை மனதில் வைத்து எழுதவில்லை. எழுதிய பிறகுதான் அப்படி இருப்பது தெரிந்தது. அடித்தால் பக்கம் அசிங்கமாகும் என்று விட்டுவிட்டேன்.

அத்தை

*

மார்ச் 6

அத்தை,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நாலாவது. இதையும் கிழித்தால் இங்கே காகிதம் கொடுக்க மாட்டார்கள்.

உங்கள் தேர்வு முறையைப் படித்ததும் எழுந்து போய் வராந்தாவில் இரண்டு நடை நடந்துவிட்டு வந்தேன். எனக்கு விடை கிடைத்துவிட்டது, அதை உங்களிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. சுற்றி வளைத்துச் சொன்னால் 'நேராகச் சொல்லத் தெரியாதா' என்பீர்கள், நேராகச் சொன்னால் பூரிக்கட்டையை எடுப்பீர்கள். சரி, நேராகவே.

வளையம் எல்லாருக்கும் ஒரே அளவு. அதற்குள் ஒரே அடுக்காக, விளிம்பு பிசகாமல் இட யாரால் முடியும்? குறைவாக இடுகிறவளால். எட்டுக் குழாயும் நிறைந்து வருகிறவள் இட ஆரம்பித்தால் வட்டம் நிரம்பிவிடும், அப்புறம் அவள் முட்டை மேல் முட்டையாக ஏற்றித்தான் ஆக வேண்டும். அவளை நீங்கள் ஒதுக்கினீர்கள். எங்கோ ஒருத்தி ஒரு குழாய் குறைந்து பிறந்திருப்பாள், அவள் முட்டை அழகாக உட்கார்ந்திருக்கும், அவளை வைத்துக்கொண்டீர்கள். அவள் பெண்களில் இன்னும் அழகாக இட்டவளை வைத்துக்கொண்டீர்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் இப்படியே. அரைத்த பிறகு நோய் இருக்கிறதா என்றுதான் பார்த்தோமே ஒழிய, அரைக்கும் முன் உள்ளே எத்தனை குழாய் இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை.

முட்டை குறைந்தது ரகத்தின் தலையெழுத்து இல்லை அத்தை. நீங்கள்தான் ஒழுங்கைத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து...

அந்த வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. உங்கள் வழியிலேயே அடிக்காமல் விட்டுவிடுகிறேன்.

மருமகள்

*

மார்ச் 16

கடிதம் கிடைத்தது.

இங்கே வெயில் அதிகம். பூச்சிகள் நலம்.

அத்தை

*

மார்ச் 27

அத்தை,

உங்கள் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். அதற்கே கால் நிமிஷம்தான் ஆயிற்று.

உங்கள் பிள்ளை போனில் கேட்கிறார், "அம்மாவுக்கு என்னடி எழுதித் தொலைச்சே? பத்து நாளா என்கிட்டகூட உம்முனு இருக்காங்க. நேத்து சமையலறை அலமாரியை மூணாவது தடவை அடுக்கினாங்க." பூச்சியைப் பற்றித்தான் எழுதினேன் என்றேன். "அப்ப சரி, பெரிய சண்டைதான்" என்றார். இந்த மனிதர் நம் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு எப்படித்தான் நிம்மதியாகத் தூங்குகிறாரோ.

உங்களுக்கு என் மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், பத்திரமாக வைத்திருங்கள், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஜூன் நமக்காகக் காத்திருக்காது. குளிர் அறையில் போன பருவத்து ஒதுக்கல் அட்டைகள் இருக்கும். அவை விற்பனைக்குப் போவதற்குள் எடுத்து வையுங்கள். ஏப்ரல் தொடக்கத்தில் பொரிக்க வைத்தால்தான் மே கடைசியில் பூச்சி வரும், ஆய்வாளர் வரும்போது முட்டை இருக்கும். அந்த அட்டைகளில்தான் எட்டுக் குழாய்க்காரிகளின் பெண்கள் இருக்கிறார்கள். அலங்கோலம் என்று நீங்கள் ஒதுக்கிய அத்தனையையும் விதைக்கு எடுங்கள்.

நான் வீட்டை மனதில் வைத்து எதுவும் எழுதவில்லை அத்தை. பூச்சியை மட்டும்தான் சொன்னேன். நீங்கள் உண்டாக்கிய ரகம் எரிந்தால் எனக்கும் வயிறு எரியும். அதை நீங்கள் நம்ப வேண்டும்.

மருமகள்

*

ஏப்ரல் 7

மருமகளுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே குளிர் அறையைத் திறந்துவிட்டேன். நீ சொல்லித்தான் செய்தேன் என்று ஊரெல்லாம் சொல்லாதே.

ஒதுக்கல் அட்டைகளை எல்லாம் மேசையில் பரப்பினேன். ஜோடிக்காரி உள்ளே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "என்னம்மா, இதையா விதைக்கு வைக்கப் போறீங்க?" என்றாள். "ஆமா" என்றேன். "ஒடம்பு கிடம்பு சரியில்லையாம்மா?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு நாள் இவர்களை நான் நன்றாகப் பார்த்ததே இல்லை. கண்ணில் பட்டதும் கூடையில் போட்டதுதான். இப்போது பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன்.

நீ சொன்னபடி செய்யப் போவதில்லை. 'அத்தனையையும் எடுங்கள்' என்கிறாய். அத்தனையும் ஒன்றில்லை. ஒருத்தி வட்டம் முழுக்க நிரப்பி, இடம் போதாமல் மேலே மேலே ஏற்றி, வளையத்தின் சுவரிலும் ஒட்டியிருக்கிறாள். அது நெரிசல். இன்னொருத்தி இங்கே பத்து, அங்கே ஐந்து, நடுவில் வெற்றிடம், பாதி ஒட்டாமல் அட்டையைச் சாய்த்தால் உருண்டு ஓடுகிறது. அது சிதறல். இரண்டையும் ஒரே கூடையில் போட்டேன் என்பது வேறு விஷயம், அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம். நெரிசல்காரிகளை மட்டும் விதைக்கு எடுத்திருக்கிறேன்.

அத்தை

*

ஏப்ரல் 15

அத்தை,

குளிர் அறையைத் திறந்தீர்கள் என்று படித்ததும் மேசையைத் தட்டிவிட்டேன், மைப்புட்டி கவிழ்ந்தது, இந்தக் கடிதம் பென்சிலில் வருவதற்கு அதுதான் காரணம்.

ஆனால் தயவுசெய்து சிதறல்காரிகளை விட்டுவிடாதீர்கள். சிதறி இட்டாலும் மொத்தத்தில் நிறைய இட்டிருக்கலாம், அவளுக்கும் எட்டுக் குழாய் இருக்கலாம். முன்பும் கண்ணை நம்பித்தானே மாட்டிக்கொண்டோம். மறுபடியும் பார்த்த மாத்திரத்தில் ஒதுக்க வேண்டாம். இரண்டு வகையையும் தனித்தனியாக வளர்த்து, இரண்டிலும் கூட்டுப்புழு அனுப்புங்கள். அறுத்துப் பார்த்துச் சொல்கிறேன். நான் சொல்வதுதான் சரியாக இருக்கும், பந்தயம்.

மருமகள்

*

மே 16

மருமகளுக்கு,

உன் நச்சரிப்பு தாங்காமல் இரண்டையும் வளர்த்தேன்; மேசையிலேயே கிடந்த சிதறல் அட்டைகளும் உன் கடிதம் வருவதற்குள் பொரிய ஆரம்பித்திருந்தன. இரண்டு மடங்கு தட்டு, இரண்டு மடங்கு இலை, உன் புருஷன் விடுமுறை நாளெல்லாம் இலை வெட்டினான். கை கொப்பளித்ததைப் போனில் உனக்குக் காட்டியிருப்பான். நான் பார்த்தேன், அவ்வளவு பெரிய கொப்புளம் ஒன்றும் இல்லை.

இரண்டு பெட்டி. சிவப்பு நூல் கட்டியது நெரிசல், கறுப்பு நூல் கட்டியது சிதறல். பஞ்சை அடைத்து அப்படியே கொட்டியிருக்கிறேன். வழியில் எப்படியும் கலையப் போகிறவர்களை அடுக்கி என்ன லாபம்.

ஆய்வாளர் ஜூன் முதல் வாரம் வருகிறார். எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை உன் புருஷனிடம் சொல்லாதே.

அத்தை

*

மே 25

அத்தை,

நீங்கள் சொன்னதுதான் சரி. பந்தயத்தில் தோற்றேன், என்ன பந்தயம் என்று முன்பே பேசாதது என் அதிர்ஷ்டம்.

சிவப்பு நூல்: கிட்டத்தட்ட எல்லாருக்கும் எட்டு. பார்க்கவே கண் நிறைந்தது, குழாய் ஒவ்வொன்றும் நீளமாக, கனமாக, உப்புத் தண்ணீரில் விட்டதும் கிண்ணம் முழுக்கப் பரவியது. ஒருத்திக்கு ஒன்பது! இடப் பக்கம் ஐந்து. பக்கத்து மேசைக்காரரை மறுபடி கூப்பிட்டுக் காட்டினேன்.

கறுப்பு நூல்: பெரும்பாலும் ஆறு, ஏழு. ஆனால் அவர்கள் சிதறியதற்குக் காரணம் அதுகூட இல்லை. முட்டை வெளியே வரும் வழியில் இரண்டு பசைச் சுரப்பிகள் இருக்கும், அதில் ஊறுகிற பசையால்தான் முட்டை அட்டையில் ஒட்டுகிறது. இவர்களுக்கு அந்தச் சுரப்பி நூல் மாதிரி மெலிந்திருக்கிறது. முட்டை ஒட்டாததால் ஓர் இடத்தில் நிலைக்காமல் அலைந்து அலைந்து இட்டிருக்கிறார்கள், பாவம். நான் சொன்னபடி இவர்களையும் கலந்திருந்தால் ஜூனில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து தலையில் துண்டு போட்டுக்கொண்டிருப்போம்.

நான் கத்தியை வைத்துக்கொண்டு கண்டுபிடித்ததை நீங்கள் மேலே இருந்து பார்த்தே பிரித்துவிட்டீர்கள். ஆனால் நான் கேட்டிருக்காவிட்டால் நீங்கள் அந்த அட்டைகளைப் பார்த்திருக்கவே மாட்டீர்கள். (இதை நான் சொல்லியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது.)

இன்னொரு விஷயம். ஜூலையில் என் ஆறு மாதம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள். உங்கள் பிள்ளையிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் 'உன் இஷ்டம்' என்பார், அது எனக்குப் போதாது. எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. வீட்டையும் பிடிக்கும். ஆனால் அந்த வீட்டில் என் கையை எங்கே வைப்பது, என் சாமானை எங்கே வைப்பது என்று எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. எதை எங்கே வைத்தாலும் அது தப்பான இடமாகவே இருந்தது. குற்றம் சொல்வதாக நினைக்காதீர்கள். உள்ளதைச் சொல்கிறேன்.

ஆய்வாளர் எண்ணி முடித்ததும் ஒரு வரியாவது எழுதுங்கள். வெயில் அதிகம் என்று மட்டும் எழுதாதீர்கள்.

மருமகள்

*

ஜூன் 12

மருமகளுக்கு,

இது தபாலில் வரவில்லை. உன் விடுதி அறைக் கதவுக்கு உள்பக்கம் செருகியிருக்கிறேன். பக்கத்து அறையில் தங்கியிருக்கிற நர்ஸிடம் ஒரு சாவி கொடுத்து வைத்திருக்கிறாய், நல்ல பழக்கம். மாமியார் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் திறந்துவிட்டாள். என்னைப் பற்றி என்ன சொல்லி வைத்திருக்கிறாய் என்பதை அப்புறம் விசாரிக்கிறேன்.

எரிக்கவில்லை. அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். நானூற்று நாற்பது. நம் ரகம் பட்டியலில் இருக்கிறது.

ஆய்வாளர் பட்ட பாட்டை நீ பார்த்திருக்க வேண்டும். விதிப்படி வழக்கமான வளையத்தில் இட்ட முட்டையைத்தான் எண்ண வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். சரி என்று அட்டைகளை வைத்தேன். அத்தனையும் குவியல். ஊசியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி எண்ணினார், பாதியில் தும்மினார், முதலிலிருந்து ஆரம்பித்தார். "இப்படிக் கோபுரம் மாதிரி ஏத்தி வச்சா எப்படிம்மா எண்றது? உங்க அட்டை முன்னாடியெல்லாம் எவ்வளவு நீட்டா இருக்கும்!" என்றார். "எண்ணுங்க சார், அவசரமே இல்ல, சாவகாசமா எண்ணுங்க" என்றேன். என் வாழ்நாளில் ஓர் அலங்கோலத்தைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. ஜோடிக்காரி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள்.

அவர் போன பிறகு ஒரு காரியம் செய்தேன். பின்னால் வந்த பூச்சிகள் கொஞ்சம் மிச்சம் இருந்தன. உன் புருஷனிடம் சொல்லி, தண்ணீர்க் குழாயை வெட்டிப் பெரிய வளையங்கள் செய்யச் சொன்னேன். அதைக் கவிழ்த்துப் பார்த்தேன். மறுநாள் எடுத்தால், அதே நெரிசல்காரியின் தங்கைதான், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், ஒரே அடுக்காக, பெரிய வட்டமாக இட்டிருக்கிறாள். நான் ஆசைப்பட்ட அதே வட்டம். அவளிடம் ஒழுங்கு இல்லாமல் இல்லை. அவளுக்கு இடம் போதவில்லை, அவ்வளவுதான்.

அந்த அட்டையை ஆய்வாளர் எண்ணிய அட்டைக்குப் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்தேன். உன் புருஷன் வந்து, "என்னம்மா ஆச்சு?" என்றான். "டிக்கெட் போடு" என்றேன். எங்கே என்றுகூட அவன் கேட்கவில்லை. அவன் நாம் நினைக்கிற அளவுக்கு மண்டு இல்லை.

இரண்டு வருஷம் இருப்பதா வருவதா என்பதை நான் சொல்ல மாட்டேன். நீ இங்கே இருந்தால் ஒவ்வொரு பருவமும் பெட்டி அனுப்புகிறேன், அறுத்துச் சொல். வந்தால், தேர்வு அறையில் ஜன்னல் பக்கம் உனக்கு ஒரு மேசை போட்டிருக்கிறேன். பெரிய மேசை, உன் புருஷனும் ஜோடிக்காரியும் சேர்ந்து தூக்கி வந்தார்கள். அதன் மேல் நீ எதை எப்படிப் போட்டாலும் நான் வாய் திறக்க மாட்டேன். என்னை நம்பி இதைச் சொல்லவில்லை, நடுவில் ஒரு திரை தைத்து மாட்டியிருக்கிறேன். இழுத்துவிட்டால் என் கண்ணில் படாது.

உன் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். படுக்கையில் புத்தகம். புத்தகத்தின் மேல் சீப்பு. ஜன்னலில் ஒற்றைச் செருப்பு, அது அங்கே எப்படி ஏறியது என்பதை நீதான் சொல்ல வேண்டும். இரண்டு நாற்காலியிலும் காகிதம் மலையாகக் கிடக்கிறது. எனக்குக் கை துறுதுறுவென்று வந்தது, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றையும் தொடவில்லை. எது எங்கே இருக்க வேண்டும் என்பது உனக்குத் தெரிந்திருக்கும்.

ஆனால் உட்கார இடமில்லை. கீழே படிக்கட்டில் இருக்கிறேன். வந்து ஒரு நாற்காலியை நீயே காலி செய்து கொடு.

அத்தை